நகரக் கட்சி கிராமத்து வாக்காளரை அடைவது எப்படி? தமிழ்நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

2019 மக்களவைத் தேர்தலில் மக்கள் நீதி மய்யம் கோயம்புத்தூரிலும் சென்னையின் மூன்று தொகுதிகளிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றது. மாநில அளவில் அதன் பங்கு நான்கு விழுக்காட்டை எட்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஊரகப் பகுதியில் வாழ்கிறார்கள். நகரத்தில் மட்டும் வாக்குச் சேர்க்கும் எந்தக் கட்சியும் ஓர் அளவில் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

அத்தகைய கட்சியின் மாவட்ட, ஒன்றியப் பொறுப்பாளர்களுக்காக இதை எழுதுகிறேன். கிராமத்தை நோக்கித் திரும்ப முடிவெடுத்த கட்சி முதலில் மாற்ற வேண்டியது வேலையின் வரிசையை. நகரத்தில் முதலில் கூட்டம், பிறகு ஊடகம், பிறகு அமைப்பு என்று போனாலும் ஓரளவு பலன் கிடைக்கும். கிராமத்தில் பட்டியல், ஆள், மனு, கோரிக்கை ஆகியவை முடிந்த பிறகே கூட்டம் வர வேண்டும். ஒன்றிய அளவில் இவ்வேலையைச் செய்தபோதும், புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தபோதும், பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த வரிசையில்தான் என்பதைக் கண்டிருக்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

காலம் முதல் தேவை. தேர்தலுக்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டு முன்பாகத் தொடங்க வேண்டும். ஒரு முழு வேளாண் ஆண்டையும் ஒரு ஊர்த் திருவிழாவையும் கடக்காமல் எந்த ஊரையும் புரிந்துகொள்ள இயலாது.

ஒன்றியத்துக்கு ஒரு முழுநேரப் பணியாளர் தேவை. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்களும் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கால்வைக்கும் வலு புதிய கட்சி எதற்கும் இராது. எனவே ஒரு மாவட்டத்தில் இரண்டு அல்லது மூன்று ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே முழுமையாக வேலை செய்யுங்கள். பணியாளருக்கு மாத ஊதியமும் பயணச் செலவும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். சொந்தப் பணத்தில் ஓடுபவர் மூன்றாம் மாதம் களைத்துப் போவார், அல்லது உள்ளூரில் பணம் உள்ளவரின் கைக்குள் போய்விடுவார்.

ஆவணங்களில் நான்கு தேவை. தற்போதைய வாக்காளர் பட்டியலின் அச்சுப் பிரதி, கடந்த இரண்டு தேர்தல்களின் படிவம் 20 (சாவடி வாரியான முடிவுத் தாள்), ஒன்றியத்தின் ஊராட்சிகளும் குக்கிராமங்களும் அடங்கிய பட்டியல், ஒரு தடித்த குறிப்பேடு ஆகியவையே அவை. குறிப்பேடு எதற்கென்பது ஐந்தாம் படியில் வரும்.

1. படிவம் 20-ஐச் சாவடி வாரியாகப் படியுங்கள்

ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைத் தனித்தனியே காட்டும் இறுதி முடிவுத் தாள்தான் படிவம் 20. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாக இது கிடைக்கும். வேலையின் தொடக்கம் இதுதான், ஏனெனில் தொகுதி மொத்தத்தைப் பார்க்கும் கண்ணுக்கு, எந்தக் குக்கிராமத்தில் உங்களுக்கு ஏற்கெனவே முப்பது வாக்கு இருக்கிறது என்பது தெரியாது.

சாவடிகளை மூன்றாகப் பிரியுங்கள். கட்சி ஓரளவு வாக்குப் பெற்றவை முதல் வகை. ஒரு பெரிய கட்சி பாதிக்கு மேல் அள்ளிச் சென்றவை இரண்டாம் வகை. யாருக்கும் பெரும்பான்மை இன்றி வாக்குச் சிதறியவை மூன்றாம் வகை. மூன்றாம் வகையிலிருந்தே தொடங்குங்கள். அங்கே கட்சிப் பிடிப்புத் தளர்ந்திருக்கிறது. கேட்க ஆள் இருக்கும்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை ஒன்று உண்டு. இரண்டு தேர்தல்களின் சாவடி எண்களை அப்படியே ஒப்பிட்டுவிடுகிறார்கள். இடையில் சாவடிகள் பிரிக்கப்படும், எண்கள் மாறும். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் இருக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2025-இல் வரையறுத்ததால் பல சாவடிகள் உடைந்தன. எனவே எண்ணை விட்டுவிட்டு, பட்டியலின் ஒவ்வொரு பாகத்திலும் முதல் பக்கத்தில் உள்ள பிரிவுகளின் பெயரை, அதாவது தெரு, குக்கிராமப் பெயரை வைத்து ஒப்பிடுங்கள். அஞ்சல் வாக்குகள் சாவடிக் கணக்கில் வாரா, அவை தொகுதி மொத்தத்தில் தனியே சேர்க்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

2. குக்கிராமத்தை அலகாகக் கொண்டு வரைபடம் போடுங்கள்

ஒரு ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர்த் தொட்டி, தனிக் கோயில், தனி வழக்கு இருக்கும். ஊராட்சி மன்றத் தலைவரின் ஊரில் போட்ட சாலை அடுத்த குக்கிராமத்தில் நன்றியைத் தேடித் தராது. பெரும்பாலும் மனக்குறையைத்தான் வளர்க்கும். ஆகவே உங்கள் திட்டத்தின் மிகச் சிறிய அலகு குக்கிராமமாக இருக்கட்டும்.

காகிதத்தில் கையாலேயே வரையுங்கள். பேருந்து நிறுத்தம், நியாயவிலைக் கடை, பள்ளி, தேநீர்க் கடை, பால் சேகரிப்பு இடம், கூட்டுறவுக் கடன் சங்கம், அருகில் உள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையம் அல்லது வாரச்சந்தை ஆகியவற்றைக் குறியுங்கள். மக்கள் எங்கே தாமாகக் கூடுகிறார்கள் என்பதை இது காட்டும். பிறகு அந்த இடத்துக்கு நீங்கள் போக வேண்டும். அவர்களை உங்கள் இடத்துக்கு அழைக்கும் வேலை பின்னால் வரும்.

ஊரும் காலனியும் (பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பு) தனித்தனியே எங்கே இருக்கின்றன என்பதை இந்த வரைபடத்தில் கட்டாயம் காட்டுங்கள். நகரத்திலிருந்து வருபவர் ஊர்ப் பொதுக் கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ கூட்டம் போட்டுவிட்டு, எல்லோரையும் அழைத்தோம் என்று எழுதிவிடுவார். அந்த மண்டபத்தில் காலனி மக்கள் உட்காரும் நிலை இருக்கிறதா என்று அவர் கேட்டிருக்க மாட்டார். பள்ளி வளாகத்தின் அருகிலோ பேருந்து நிறுத்தத்திலோ இரு பகுதியினரும் நிற்கக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் இரண்டு இடங்களிலும் தனித்தனியே பேசுங்கள், காலனியில் முதலில் பேசுங்கள். இந்த வரிசையை ஊர் கவனிக்கும். சிலர் முகம் சுளிக்கவும் செய்வார்கள். அதற்கு அஞ்சும் கட்சி தன்னை மாற்றுக் கட்சி என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து.

3. சாவடிக்கு ஆளைத் தேடுங்கள், பதவியைத் தராதீர்கள்

நகரக் கட்சி கிராமத்துக்குப் போகும்போது முதலில் வந்து கைகுலுக்குபவர் பெரும்பாலும் இரண்டு கட்சி மாறியவராக இருப்பார். அவரிடம் பேச்சுத் திறன் இருக்கும், மகிழுந்தும் இருக்கலாம். அவரை ஒன்றியப் பொறுப்பில் அமர்த்திய மறுநாள், அவருக்கு ஆகாதவர் அத்தனை பேரும் உங்களுக்கும் ஆகாதவர்களாகிவிடுவார்கள். ஆறு மாதம் வேலை பார்க்காமல் எவருக்கும் பதவி எழுதிக் கொடுக்காதீர்கள்.

தேட வேண்டியவர் வேறு மாதிரியானவர். மனு எழுதத் தெரிந்த பட்டதாரி, சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண், ஊர் இளைஞர்களுக்குப் பந்தயம் நடத்துபவர், வெளியூர் வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்குத் திரும்பியவர் போன்றோரிடம் ஊருக்கு நம்பிக்கை இருக்கும். அவர்கள் தாமாக முன்வர மாட்டார்கள். நீங்கள் மூன்று முறையாவது வீடு தேடிப் போக வேண்டியிருக்கும்.

ஒரு சாவடியில் ஊரும் காலனியும் சேர்ந்து இருந்தால் இரு பகுதியிலிருந்தும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பெண் பொறுப்பாளரே இல்லாத கட்சி வேட்பாளர் தேர்வின்போது பொறுப்பாளர்களின் மனைவியரைத் தேடி ஓடும் நிலைக்கு வந்துவிடும்.

ஒரு சட்டக் குறிப்பு: வாக்காளர் பட்டியல் வேலைக்கான வாக்குச்சாவடி நிலை முகவரை நியமிக்கும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே உண்டு. அங்கீகாரம் இல்லாத பதிவுபெற்ற கட்சியின் ஆள், தனி வாக்காளர் என்ற முறையில்தான் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் பேச முடியும். உங்கள் ஆளுக்கு இந்த வேறுபாட்டை முன்பே விளக்குங்கள். இல்லையென்றால் அதிகாரியிடம் தேவையற்ற வாக்குவாதம் நடக்கும், ஊரின் முன்னால் தோற்பது உங்கள் ஆளாக இருப்பார்.

4. முதல் சுற்றில் கேளுங்கள், பேசாதீர்கள்

ஆள் கிடைத்த பிறகே வீடு வீடாகச் செல்ல வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர், வெளியிலிருந்து வந்தவர் ஒருவர் என்று இருவராகப் போங்கள். கொடி வேண்டாம், துண்டு வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். நான்கு பேருக்கு மேல் போனால் அது பிரசாரமாகிவிடும், மக்கள் வழக்கமான பதிலைத் தந்து அனுப்பிவிடுவார்கள்.

யாருக்கு வாக்களித்தீர்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கடைசியாக எதற்காகத் தாலுகா அலுவலகம் போனீர்கள், எத்தனை முறை அலைந்தீர்கள், பிள்ளைகள் எந்த ஊரில் வேலை செய்கிறார்கள், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, கறவை மாடு எத்தனை, பால் எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு வரும் விடையில் அந்தக் குடும்பத்தின் அரசியல் முழுவதும் இருக்கும்.

விளிக்கும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். வயதில் மூத்தவரை ஐயா, அம்மா என்றும், மற்றவரை அண்ணே, அக்கா, தம்பி என்றும் அழைத்துப் பேசுங்கள். காலனியில் முதியவரை ஒருமையில் அழைக்கும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. உடன் வரும் உள்ளூர்க்காரர் அப்படி அழைத்தால், அங்கேயே மென்மையாகத் திருத்துங்கள். கொடுக்கும் தேநீரைத் தயங்காமல் வாங்கிக் குடியுங்கள். தயங்கினீர்கள் என்ற செய்தி மாலைக்குள் தெரு முழுக்கப் போய்ச் சேரும்.

குறிப்புகளை வீட்டை விட்டு வெளியே வந்த பின் எழுதுங்கள். சாதி, கட்சிச் சார்பு ஆகியவற்றைப் பெயருக்கு எதிரே குறித்து வாட்ஸ்அப் குழுவில் பகிரும் வழக்கம் பல கட்சிகளில் இருக்கிறது. அப்படியொரு தாள் வெளியானால் அந்த ஊரில் உங்கள் வேலை அன்றோடு முடிந்துவிடும். அதைவிட முக்கியமாக, அது மக்கள் உங்களை நம்பிச் சொன்னதற்குச் செய்யும் துரோகம்.

5. மனு வேலையை முறையாகச் செய்யுங்கள்

கேட்டுவிட்டுத் திரும்பி வராத கட்சிகளைக் கிராமம் நிறையப் பார்த்திருக்கிறது. எனவே கேட்ட பதினைந்து நாள்களுக்குள் ஏதேனும் ஒரு வேலையோடு திரும்பிப் போக வேண்டும். எதிர்க்கட்சியோ புதிய கட்சியோ சாலை போட்டுத் தர முடியாது, ஆனால் மனு எழுதிக் கொடுக்க முடியும். வழிகாட்டியின் இந்தப் பகுதியே மிக நீண்டதாக இருக்கிறது, ஏனெனில் கிராமத்தில் கட்சிக்கு நம்பிக்கை உருவாகும் இடம் இதுதான்.

மனுக்களை வகை பிரியுங்கள். முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளி உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகைக்கான மேல்முறையீடு, குடும்ப அட்டைத் திருத்தம் ஆகியவை தனிநபர் மனுக்கள். குடிநீர், தெருவிளக்கு, மயானப் பாதை, பேருந்து ஆகியவை பொது மனுக்கள். தனிநபர் மனுக்களில் தொடங்குங்கள், அவற்றில் சில விரைவில் முடியும்.

பட்டா மாறுதலில் கைவைக்குமுன் யோசியுங்கள். நிலத்தைப் பிரிக்காமல் முழுப்புலமாக மாறும் பட்டா ஒப்பீட்டளவில் எளிது. உட்பிரிவு செய்ய வேண்டியதென்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், பங்காளிகளின் சம்மதம் பற்றிய சிக்கல் எழும், உங்கள் கட்சி ஒரு குடும்பச் சண்டையின் நடுவில் போய் நிற்கும். பங்காளி வழக்குள்ள பட்டா மனுவைக் கையில் எடுக்காதீர்கள். சட்ட உதவி மையத்துக்கு வழிகாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எங்கே கொடுப்பது என்பது அடுத்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டமும், மாதந்தோறும் விவசாயிகளுக்கான தனிக் கூட்டமும் நடக்கும். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால், அதையொட்டித் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயம் நடைபெறும். நிலம், பட்டா, உதவித்தொகை மனுக்களுக்கு அது மிக நல்ல வாய்ப்பு, ஏனெனில் அந்தந்தக் கிராமத்துக் கணக்குகளோடு கிராம நிர்வாக அலுவலர் அங்கே இருப்பார்.

மனுதாரரே மனுவைக் கொடுக்க வேண்டும். கட்சிக்காரர் கற்றை கற்றையாக வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், அலுவலர் அதைக் கட்சி விவகாரமாகப் பார்ப்பார், மனுதாரருக்கும் தம் மனு எங்கே இருக்கிறதென்று தெரியாது. நீங்கள் எழுதிக் கொடுங்கள், உடன் செல்லுங்கள், ஒப்புகைச் சீட்டை அவரிடமே இருக்க விடுங்கள்.

குறிப்பேடு இங்கே பயன்படும். பெயர், மனுவின் பொருள், கொடுத்த நாள், ஒப்புகை எண், அடுத்து விசாரிக்க வேண்டிய நாள் என ஐந்து பத்திகள் போதும். முப்பது நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மனுவையும் விசாரித்து, நடக்கவில்லையென்றால் நடக்கவில்லை என்றே வீட்டில் போய்ச் சொல்லுங்கள். நடக்காததைச் சொல்ல வந்த கட்சிக்காரரை மக்கள் மறப்பதில்லை.

இந்த வேலைக்குப் பணம் வாங்கும் ஆள் உங்களிடையே தோன்றினால் அன்றே விலக்குங்கள். மனுவுக்கு நூறு ரூபாய் வாங்கினார் என்ற பேச்சு வந்துவிட்டால், செய்த வேலை அனைத்தும் தரகு வேலையாகிவிடும்.

6. ஊரின் நாள்காட்டிக்கு ஏற்பத் திட்டமிடுங்கள்

சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகம் தேதி குறித்து அனுப்பும், அன்று ஊரில் நடவு நடக்கும். காவிரிப் படுகையில் ஜூன் முதல் குறுவை, அதன் பின் சம்பா, தையிலும் மாசியிலும் அறுவடை. இராமநாதபுரத்தின் மானாவாரி நிலத்தில் மழையைப் பார்த்தே விதைப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரியில் பெங்களூருக்கு வேலைக்குப் போவோர் வந்து செல்லும் நாள்களே கணக்கு. ஒரே அட்டவணை எல்லா ஒன்றியங்களுக்கும் பொருந்தாது. அதைத் தலைமைக்கு எழுத்தில் சொல்ல வேண்டியது மாவட்டப் பொறுப்பாளரின் கடமை.

பொதுவாக மாலை ஏழு மணிக்கு மேல் பேசுவதே நன்று. பெண்கள் அப்போதும் சமையலில் இருப்பார்கள் என்பதால் அவர்களைத் தனியே, பிற்பகலில் சந்தியுங்கள். ஊரக வேலைத் திட்டத்தின் பணியிடத்தில் பிரசாரம் செய்யாதீர்கள். அது அரசுப் பணியிடம் என்பதோடு, அங்கே பேச்சுக் கொடுத்தால் பணித்தளப் பொறுப்பாளருக்குத்தான் சிக்கல் வரும்.

திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள் என்று பிரிந்து கிடக்கும் இளைஞர்கள் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவார்கள். அந்த நாள்களில் கட்சி நிகழ்ச்சி வைக்காதீர்கள், விருந்தினராகப் போய்ப் பழகுங்கள். அவர்கள் தொலைபேசியில் வீட்டுக்குச் சொல்லும் சொல் பல வீடுகளில் வாக்கைத் தீர்மானிக்கிறது.

7. கொள்கையை ஊரின் கோரிக்கையாக மாற்றுங்கள்

ஊழல் ஒழிப்பு, மாற்றம், வெளிப்படைத்தன்மை ஆகிய சொற்கள் நகரத்தில் கைத்தட்டல் பெறும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதென்று திருப்பி அனுப்பப்பட்டு, மூட்டைகளோடு சாலையோரத்தில் இரவு காத்திருக்கும் விவசாயிக்கு அச்சொற்கள் எதையும் சொல்வதில்லை. அவருக்கு ஊழல் என்றால் நாற்பது கிலோ மூட்டைக்கு இறக்குக்கூலி என்ற பெயரில் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதே. கொள்கை அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும்.

நல்ல கோரிக்கைக்கு மூன்று தன்மைகள் வேண்டும். எந்த அதிகாரி செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், எப்போதுக்குள் என்பது இருக்க வேண்டும், நடந்ததா என்பதை ஊரே பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். “விவசாயிகளின் வாழ்வு மலர வேண்டும்” என்பது கோரிக்கையாகாது. “அறுவடை தொடங்குமுன் நம் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் உலர்களமும் தார்ப்பாயும் வேண்டும்” என்பது கோரிக்கை.

மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தின் இடத்தில் 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றியது. செலவில் மாநிலம் ஏற்க வேண்டிய பங்கும் அதில் கூடியது. இதைப் பற்றி ஒரு பெண் தேநீர்க் கடை முன்னால் கேட்கும்போது, தலைமையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று உங்கள் ஆள் சொன்னால், அடுத்த முறை அவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை பொறுப்பாளர்களைக் கூட்டி இத்தகைய விவரங்களைக் கற்றுக் கொடுங்கள்.

8. கிராம சபையில் குடிமக்களாகப் பங்கேற்கச் செய்யுங்கள்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்கள் கிராம சபைக்கு உரியவை. ஊராட்சியின் வரவுசெலவு அங்கே வைக்கப்பட வேண்டும். ஏழாம் படியில் உருவான கோரிக்கையைத் தீர்மானமாக்குவதற்கு அதுவே சட்டபூர்வமான இடம்.

கட்சிக் கொடியோடு போகாதீர்கள். அவ்வூர் வாக்காளர்களே பேச வேண்டும், வெளியூர்ப் பொறுப்பாளர் வாயில் வரை வந்து நின்றுவிட வேண்டும். தீர்மான வாசகத்தை முன்பே எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றிய பின் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கப் பழக்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிச் செல்லும் வழக்கம் உள்ள ஊர்களில் இந்த ஒரு பழக்கமே பெரிய மாற்றம்.

கட்சி நடத்தும் கூட்டத்துக்குக் கிராம சபை என்று பெயரிடாதீர்கள். ஊராட்சிச் சட்டப்படி அது ஊராட்சிக்கே உரிய அவை. 2020 டிசம்பரில் திமுக அப்பெயரில் கூட்டங்கள் நடத்தியபோது அரசு தடைவிதித்தது, கட்சி பெயரை மாற்றிக்கொண்டு கூட்டங்களைத் தொடர வேண்டியிருந்தது.

9. உள்ளாட்சித் தேர்தலில் வார்டிலிருந்து தொடங்குங்கள்

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்காளருக்கு நான்கு வாக்குகள். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர் ஆகிய இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட ஊராட்சி வார்டுக்கும் கட்சிச் சின்னத்தில் போட்டி நடக்கும்.

புதியவர்கள் நேரே தலைவர் பதவிக்கோ ஒன்றிய வார்டுக்கோ ஆளை நிறுத்துகிறார்கள். கிராமத் தலைவர் தேர்தல் உறவு, சாதி, பங்காளிப் பகை ஆகியவற்றின் மேல் நடக்கும் போட்டி. அதில் கட்சியை முன்னிறுத்தினால் பாதி ஊரை முதல் நாளிலேயே இழப்பீர்கள். சில நூறு வாக்குகளே உள்ள வார்டில் மனு வேலை செய்த பெண்ணோ இளைஞரோ நின்றால் வெல்ல வாய்ப்பு உண்டு. 2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களில் நடந்த தேர்தலில் விஜய் மக்கள் இயக்கத்தினர் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் வென்றதாக அவ்வியக்கம் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை வார்டு உறுப்பினர் பதவிகள்.

தலைவர் பதவிக்குக் கட்சி எவரையும் ஆதரிக்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்துவிடுவதே பெரும்பாலான ஊர்களில் அறிவுடைமை.

10. வாக்காளர் பட்டியலைச் சரிசெய்யுங்கள்

படிவம் 6 புதிய பெயருக்கு, படிவம் 7 நீக்கத்துக்கு, படிவம் 8 திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள், பதினெட்டு வயது நிரம்பியதா என்று பார்க்கும் தகுதி நாள்களாகும். பதினேழு வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் பெயர் சேர்க்க இயலாது என்பதால் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முந்தைய பட்டியலை வைத்து வேலை செய்யாதீர்கள். புதிய பட்டியலை அச்சிட்டு, குக்கிராமத்தில் உட்கார்ந்து பெயர் பெயராக உரக்கப் படியுங்கள். யார் இறந்தார், யார் மணமாகிப் போனார், யார் பெயர் விடுபட்டது என்று சுற்றியிருப்போரே சொல்லிவிடுவார்கள்.

வெளியூரில் வேலை செய்பவருக்கு இரண்டு இடங்களிலும் பெயர் இருக்கட்டும் என்று அறிவுரை சொல்லும் கட்சிக்காரர்கள் உண்டு. சட்டப்படி ஓர் இடத்தில்தான் பெயர் இருக்கலாம், பொய் உறுதிமொழி தருவது குற்றம். அந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வது ஏழைத் தொழிலாளியாக இருக்கும்.

11. தலைவர் வருகையை இறுதியில் வையுங்கள்

இவ்வளவும் முடிந்த பிறகே பெரிய கூட்டம். பத்து ஊர்களுக்கு ஓர் இடம் என்று குறித்து, அந்த ஊர்களின் கோரிக்கைகளைத் தலைவரின் கையில் எழுதிக் கொடுங்கள். அவர் ஊரின் பெயரையும் கோரிக்கையையும் பிழையின்றிச் சொல்ல வேண்டும். கேட்போர் அதைக் கூர்ந்து கவனிப்பார்கள்.

ஆள் திரட்டப் பணமோ பிரியாணியோ கொடுக்காதீர்கள். கூட்டம் சிறிதாக இருந்தால் இருக்கட்டும், உண்மையான எண்ணிக்கை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வாக்குக்குப் பணம் பற்றி மேடையில் பேசும்போது மக்களைக் குறை சொல்லாதீர்கள். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும் 2019-இல் வேலூர் தேர்தலும் பணப் புழக்கத்தால் நிறுத்தப்பட்டன. கொடுத்தவர்கள் கட்சிக்காரர்கள். வாங்கிய கூலித் தொழிலாளியை மேடையில் நின்று கண்டிக்கும் நகரத்துப் பேச்சாளர், அவர் ஒரு நாள் கூலியை இழந்து வாக்களிக்க நிற்கிறார் என்பதை அறியார்.

12. வாக்குப்பதிவு நாளுக்கு ஆயத்தமாகுங்கள்

சாவடி முகவரை வேட்பாளர் படிவம் 10 மூலம் நியமிப்பார். ஒவ்வொரு சாவடிக்கும் ஒருவரும் அவருக்கு மாற்றாக இன்னொருவரும் வேண்டும். மாதிரி வாக்குப்பதிவு உண்மை வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தொடங்கும், அதில் குறைந்தது 50 வாக்குகள் பதிவாக வேண்டும். முகவர் முந்தின இரவே ஊரில் இருக்க வேண்டும், ஏனெனில் அந்த நேரத்தில் பல குக்கிராமங்களுக்குப் பேருந்து கிடையாது. மாலையில், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் படிவம் 17சி-யின் நகலைக் கையெழுத்திட்டு வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

முதியவர்களை ஆட்டோவில் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுவருவதை உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். வேட்பாளர் தரப்பு வாகனம் அமர்த்தி வாக்காளரை ஏற்றிச் செல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. வென்ற தேர்தலையே செல்லாததாக்க அது போதும். 85 வயதைக் கடந்த முதியோருக்கும் நாற்பது விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி இருக்கிறது. அதற்கான படிவம் 12டி-யை முன்பே பெற்று நிரப்பிக் கொடுக்க உதவுங்கள்.

13. முடிவு வந்த பின் ஒரு மாதத்துக்குள் திரும்பிச் செல்லுங்கள்

தோற்ற கட்சி கிராமத்துக்கு வருவதில்லை. நீங்கள் போக வேண்டும், வேட்பாளரும் உடன் வர வேண்டும். நன்றி அறிவிப்புக்குச் சால்வையும் வெடியும் தேவையில்லை. மனுக் குறிப்பேட்டை எடுத்துச் சென்று, நிலுவையில் உள்ளவற்றைத் தொடர்வோம் என்று சொல்லி, அடுத்த விசாரிப்பு நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

புதிய படிவம் 20 வெளியானதும் மனு வேலை நடந்த சாவடிகளையும் நடக்காத சாவடிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். வேலை நடந்த இடத்திலும் வாக்குக் கூடவில்லையென்றால், மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். கோரிக்கையிலோ மனுக்களிலோ குறை இருப்பதைவிட, அவற்றைச் செய்த ஆள்மீது ஊருக்கு நம்பிக்கை இல்லாமல் இருப்பதே அடிக்கடி காரணமாக இருக்கிறது. வேலை நடக்காத சாவடியில் வாக்குக் கூடியிருந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் அந்த ஊருக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். பொங்கலுக்கு வந்து போன இளைஞர்களோ, பக்கத்து ஊரில் உங்களிடம் உதவித்தொகை மனு எழுதி வாங்கிச் சென்ற ஒரு பாட்டியின் உறவினர்களோ காரணமாக இருக்கலாம். அவர்களில் ஒருவரே அச்சாவடிக்கு நீங்கள் தேடும் ஆள்.